கீழ்த்தளத்துக்கு ஒரு இன்டர்ஃபேஸ்

கீழ்த்தளத்து வைஃபை பட்டியலில் ஒரே ஒரு போன்தான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தன.

லாசரஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். இரண்டேதான். இவன் வேலைக்கு வந்திருந்த அந்த முடிச்சூர் அலுவலகத்துக்கு ஞாயிறு விடுமுறை. கேட்டில் வாட்ச்மேன் சவுரிமுத்து, தரைத்தளத்து சர்வர் ரூமில் இவன், கீழ்த்தளத்து ஃபைல் குடோனில் இவன் மனைவி மெட்டில்டா, வேறு ஈ காக்கை கிடையாது. காலை ஆராதனை முடிந்து நேரே இங்கே வந்திருந்தார்கள். புருஷனும் பெண்டாட்டியுமாக நெட்வொர்க் வேலை எடுத்துச் செய்கிற கம்பெனிக்கு லீவு ஏது?

வேலை என்னவோ சின்னதுதான். கட்டிடத்து வைஃபை பெட்டிகளையெல்லாம் கட்டி மேய்க்கிற கன்ட்ரோலரில், கீழ்த்தளத்துக்கென்று தனியாக ஒரு இணைப்பு வாசல், அதாவது இன்டர்ஃபேஸ், உண்டாக்கி, அதற்கொரு நெட்வொர்க் முகவரியும் கொடுத்திருந்தான். இனி கீழே வைஃபை ஓடுவதும், குடோன் கதவின் எலக்ட்ரானிக் பூட்டு திறப்பதும் அதன் வழியாகத்தான். சரிபார்க்க மெட்டில்டா போனோடு அலமாரி அலமாரியாக நடக்கிறாள். இவன் ஹெட்செட்டில் அவளோடு பேசியபடி திரையில் அவள் சிக்னல் எண்ணைப் பார்க்கிறான்.

அவள் நடந்தால் அந்த இரண்டாவது போனின் எண்ணும் நகர்ந்தது. அவள் நின்றால் நின்றது. ஒவ்வொரு முறையும் இரண்டு எண்களுக்கும் நடுவில் இருந்த இடைவெளி ஒன்று குறைந்தது.

"மெட்டில்டா, கீழ வேற யாராவது இருக்காங்களா?"

"யாரு இருப்பா? நானும் எலியும்தான். சும்மா பயமுறுத்தாதீங்க. ஏற்கெனவே இங்க சேத்து நாத்தம் தாங்கல."

சேறா? வெள்ளம் வந்த வருஷம் கூரைவரை தண்ணீர் நின்ற இடம்தான். ஆனால் அதற்குப் பிறகு மூன்று தடவை பெயின்ட் அடித்து, டைல்ஸ் போட்டு, ஏசி வைத்து, தரை இப்போது எலும்பாகக் காய்ந்து கிடக்கிறது.

"ஏங்க..." அவள் குரல் தணிந்தது. "பின்னாடி யாரோ ஈரக்காலோட வர்ற மாதிரி இருக்கு."

அவனுக்கும் கேட்டது. சளக். சளக்.

அந்த இரண்டாவது போனை மட்டும் துரத்த ஒரு கிளிக் போதும். ஆனால் பன்னிரண்டு வருஷப் பழக்கம் கைக்கு: எது கோளாறானாலும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடு. இன்டர்ஃபேஸையே அழித்தான்.

ஹெட்செட் செத்தது.

கீழே மொபைல் சிக்னல் கிடையாது. அவள் பேசியதே அந்த வைஃபையில்தான். பூட்டும் அதில்தான். கீழே இருக்கும் அந்த ஏதோ ஒன்றோடு அவளை வைத்துப் பூட்டியது வேறு யாருமில்லை, இவனேதான். ஐயோ, என்ன காரியம் பண்ணினேன்!

பழைய முகவரியையே அடித்தான். அதை வேறொரு சாதனம் பயன்படுத்துகிறது என்றது கன்ட்ரோலர். அடுத்ததை அடித்தான். அதையும். அதற்கடுத்தது. அதையும்தான். இவன் எங்கே போனாலும் முந்திக்கொண்டு போய் உட்கார்ந்திருந்தது.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டில் ஓடினான். இரும்புக் கதவு. உள்ளிருந்து தட்டல்.

"இதோ திறக்கிறேன்மா! இதோ!"

தட்டல் மட்டும். அவசரமே இல்லாத தட்டல்.

இன்னொரு முகவரி. ஏற்றுக்கொண்டது.

டக்.

கதவு திறந்தது. மெட்டில்டா. கோயிலுக்குக் கட்டிய அதே ஊதாப் புடவை. தலையிலிருந்து கால்வரை நனைந்து, சொட்டச் சொட்ட.

"ஸ்தோத்திரம் ஏசப்பா!" என்று அழுதேவிட்டான். அவளை இழுத்து அணைக்கக் கை நீட்டினான்.

ஹெட்செட் கரகரத்தது.

"ஏங்க, லைன் கட்டாயிடுச்சு." கிசுகிசுப்பு. அவள் குரல். "கடைசி அலமாரிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கேன். கதவு திறந்த சத்தம் கேட்டுச்சே, நீங்கதானே?"

எதிரில் நின்றதன் உதடு அசையவில்லை.

அது வெளியே வந்தது. பின்னால் கை நீட்டிக் கதவைச் சாத்தியது. டக்.

"ஏங்க? ஏன் மூடுறீங்க?"

கத்த வாயைத் திறந்தான். சேற்று நாற்றம் வாயை அடைத்தது.

ஈரக்கை ஒன்று வந்து, கீபோர்டின் மேலிருந்த அவன் கைமேல் படிந்தது. அவன் விரலை மெல்லப் பிடித்து, இன்டர்ஃபேஸை அழிக்கும் பொத்தானை நோக்கி நகர்த்தியது.

"ஏங்க, திறங்க. ஏங்க..."