போரானுக்கு ஒரு கிண்ணம் தேநீர்

முதலில் தேநீரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பாடகர் போரானைப் பற்றித்தான் முதலில் சொல்ல வேண்டுமோ என்றும் யோசித்தேன். இல்லை, தேநீர்தான் முதலில். அப்போதுதான் கதை புரியும்.

பல்காஷ் ஊரில் விருந்தாளிக்குத் தேநீர் கொடுத்தால் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். குடித்து முடித்ததும் மறுபடி கொஞ்சம். அதற்கப்புறம் இன்னும் கொஞ்சம். 'இருங்கள், நிறையப் பேசலாம்' என்று அதற்கு அர்த்தம். கிண்ணத்தை விளிம்பு வரை நிறைத்துக் கொடுத்தால் அர்த்தமே வேறு. 'குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.'

ஆறு வயதில் கம்ஷாத்துக்கு இது தெரியாது. கீழ் வீட்டுத் தோலெகென் மாமாவை அவளுக்கு ரொம்பப் பிடிக்கும். பிடித்தவருக்கு நிறையக் கொடுக்க வேண்டும் அல்லவா? கிண்ணம் தளும்பத் தளும்ப ஊற்றிக் கொடுத்தாள்.

மாமா கிண்ணத்தைப் பார்த்தார். கம்ஷாத்தைப் பார்த்தார். பிறகு கையால் துழாவித் தன் தொப்பியைத் தேட ஆரம்பித்தார். அம்மா மாடிப்படி வரை ஓடிப்போய் அவரை இழுத்து வர வேண்டியதாயிற்று.

இப்போது கம்ஷாத்துக்குப் பத்து வயது. வீட்டில் தேநீர் ஊற்றுவது அவள்தான். ஒரு சொட்டு கூடுதலாக விழாது.

இனி போரான்.

போரான் என்றால் பனிப்புயல். அது மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர். பல்காஷ்காரர்தான்; செம்பு ஆலையில் வேலை பார்த்தவர். கிடாரைத் தூக்கிப் பிடித்து, நீள முடியைச் சுழற்றி, "நொறுக்கு! நொறுக்கு!" என்று அவர் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும்.

கம்ஷாத் வீடு இருந்த கட்டடத்தில் அவருக்கு ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. பெயர் 'பனிப்புயல் படை.' மேல் மாடியில் இருந்த சமால் அக்காதான் தலைவி. தன் கறுப்பு ஜாக்கெட்டின் முதுகில் வெள்ளைப் பெயிண்டால் அவளே ஒரு பனிப்புயலை வரைந்திருந்தாள்.

அதை முதல்முறை பார்த்த தோலெகென் மாமா, "ஏம்மா, சுவத்துல சாஞ்சுட்டியா? முதுகெல்லாம் சுண்ணாம்பு!" என்று தட்டிவிடப் போய்விட்டார்.

கம்ஷாத்தின் அண்ணன் எல்தோஸ் படையின் டிரம்ஸ்காரன். அம்மாவின் சட்டிகள்தான் டிரம்ஸ். கம்ஷாத்தைப் படையில் இப்போதுதான் சேர்த்திருந்தார்கள். அவளுக்கு இன்னும் ஜாக்கெட் ஓவியம் கிடைக்கவில்லை.

ஒருநாள் போரானின் புதுப் பாட்டு வெளியானது. அந்த வாரச் சனிக்கிழமை அவர் சொந்த ஊர் மேடையில் பாடப்போகிறார் என்பதால், படைக்குத் தலைகால் புரியவில்லை. எல்லோரும் மாடிப்படியில் சமாலின் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

டிங்... டிங்... என்று ஏதோ மெதுவாக ஒலித்தது.

"விளம்பரம். தள்ளிவிடு," என்றான் எல்தோஸ்.

"விளம்பரம் இல்லடா. பாட்டேதான்."

போரானின் குரல் வந்தது.

"தேநீர் ஆறுது, பால் கொஞ்சம் விடு... ஜன்னல்ல பனி, பக்கத்துல உக்காரு..."

"இப்போ கத்துவாரு பாரு," என்றாள் சமால்.

கத்தவில்லை.

"இப்போ டிரம்ஸ் வரும்!" என்றான் எல்தோஸ்.

புல்லாங்குழல் வந்தது.

"நொறுக்கு நொறுக்குன்னு நின்ன மனுஷன், பால் விடு பால் விடுன்னு கெஞ்சுறாரே!" எல்தோஸ் தலையில் கை வைத்துக்கொண்டான்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு அம்மா வந்தாள். கையில் மாவு ஒட்டியிருந்தது. "யாருடா பாடுறது? என்ன இதமா இருக்கு! இன்னொரு தடவை போடு."

போரானை அம்மாவுக்குப் பிடித்துவிட்டது!

கீழ் மாடியிலிருந்து தோலெகென் மாமாவின் குரல் வந்தது. வழக்கமாகச் சத்தத்தைக் குறைக்கச் சொல்லித்தான் அவர் குரல் கொடுப்பார். இன்று, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு!" என்றார்.

சமால் போனை அணைத்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது.

"பள்ளிக்கூடத்துல நான் வாயே திறக்கமாட்டேன், தெரியுமா? 'நொறுக்கு' பாடிப் பாடித்தான் எனக்குக் குரலே வந்துச்சு. இப்போ அவரே குசுகுசுன்னு பாடுறாரு. நான் என்ன பண்ணட்டும்?"

கம்ஷாத்துக்கோ வேறொரு சங்கடம். அந்தப் பாட்டு அவளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் அதை வெளியில் சொல்ல முடியுமா?

மறுநாள் சமால் ஒரு திட்டத்துடன் வந்தாள்.

"தேநீர் கேக்குறாருல்ல? குடுப்போம்."

"எதுக்கு?" என்றான் எல்தோஸ்.

"நெறைய ஊத்திக் குடுப்போம். விளிம்பு வரைக்கும்."

எல்தோஸ் மெல்லச் சிரித்தான். "மேடையில வெச்சா? ஊரே பாக்குமே!"

"பாக்கட்டும். சின்னப் பிள்ளைங்க பூவோட மேடை ஏறுனா யாரும் தடுக்கமாட்டாங்க. அதனால..."

எல்லோரும் கம்ஷாத்தைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நானா?"

"நீயேதான். குடுத்துட்டு வா. மறுநாளே உன் ஜாக்கெட்டுல பனிப்புயல் வரைஞ்சு தர்றேன்."

"நான் போகலைன்னா?"

"போகலைன்னா படையில உனக்கு என்ன வேலை? உங்கம்மாவோட உக்காந்து பால் விடு."

கம்ஷாத் சரி என்றாள்.

சனிக்கிழமை மாலை அரங்கு நிரம்பி வழிந்தது. படை கடைசி வரிசையில் உட்கார்ந்தது. சமாலின் மடியில் பால் விட்ட தேநீர் பிளாஸ்க். எல்தோஸின் சட்டைக்குள் ஒரு கிண்ணம். அம்மாவின் கண்ணாடி அலமாரியிலிருந்து கேட்காமல் எடுத்தது. தங்க விளிம்பு போட்டது.

"டேய் அண்ணா, மூணாவது வரிசையைப் பாரு," என்றாள் கம்ஷாத்.

மூன்றாவது வரிசையில் அம்மா. பக்கத்தில் தோலெகென் மாமா. எல்தோஸ் நாற்காலியிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துகொண்டான்.

போரான் வந்தார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். மேடை நடுவில் ஒரு நாற்காலி இருந்தது. அதில் உட்கார்ந்து, மைக்கைக் கீழே இறக்கிக்கொண்டார்.

"உக்காந்துட்டாரு!" என்று முனகினாள் சமால். "ராக் பாடகர் உக்காருவாரா?"

தேநீர்ப் பாட்டு முடிந்தது. முன்வரிசைகளில் பலத்த கைதட்டல். குழந்தைகள் பூக்களோடு மேடைக்கு ஓடினார்கள். சமால் கிண்ணத்தை நிறைத்தாள். தேநீர் விளிம்புக்கு மேலேயே கொஞ்சம் உப்பி நின்றது.

"போ."

கம்ஷாத் நடந்தாள். கிண்ணம் சுட்டது. ஓரத்தில் இருந்தவர்கள் முழங்காலை ஒதுக்கி வழிவிட்டார்கள். கிண்ணத்தைப் பார்த்ததும் அவர்கள் புருவம் உயர்ந்தது.

"ஐயையோ, யாரு வீட்டுப் பிள்ளை இது? இவ்வளவு நெறைய யாருக்குக் கொண்டுபோகுது?"

"போரானுக்கா? ஊருக்கு வந்தவனை இப்படியா போகச் சொல்றது!"

மூன்றாவது வரிசையைத் தாண்டும்போது ஒரு குரல் மட்டும் வேறு மாதிரி கேட்டது. "அது என் கிண்ணம்!"

கம்ஷாத் திரும்பவில்லை. படிகளில் ஏறினாள். போரான் சிரித்த முகமாகக் குனிந்தார். கிண்ணத்தைப் பார்த்தார்.

உதட்டில் சிரிப்பு அப்படியே இருந்தது. கண்களில் இல்லை. அவர் கை தானாக நாற்காலிக்குப் பக்கத்தில் எதையோ துழாவியது.

அந்த முகத்தைக் கம்ஷாத் முன்பே பார்த்திருக்கிறாள். தொப்பியைத் தேடும் முகம்.

அவள் திரும்பிப் பார்த்தாள். கடைசி வரிசையில் சமால் நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். கொடு, கொடு என்று கை காட்டினாள்.

கம்ஷாத் கிண்ணத்தைத் தன் வாய்க்குக் கொண்டுபோனாள்.

உட்கார்ந்து பாடுபவருக்காக இறக்கி வைத்த மைக் சரியாக அவள் முகத்துக்கு நேராக இருந்தது. அப்புறம் வந்த சத்தத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. முயற்சி செய்கிறேன்.

"ஸ்ர்ர்ர்ர்ர்ப்!"

அரங்கத்தின் பெரிய ஒலிபெருக்கிகள் எல்லாம் ஒரே நேரத்தில் தேநீர் உறிஞ்சின.

"ஸ்ர்ர்ர்ர்ர்ர்ர்ப்ப்ப்!"

கம்ஷாத் கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தாள். பாதி இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டு, இரண்டு கைகளாலும் கிண்ணத்தை நீட்டினாள்.

"ரொம்பச் சூடா இருந்துச்சு மாமா. இப்போ சரியா இருக்கு."

போரான் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அது பழைய போரானின் சிரிப்பு. ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. அரங்கமே சேர்ந்து சிரித்தது. அவர் தேநீரைக் குடித்துவிட்டுக் காலிக் கிண்ணத்தை நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம் கிடைக்குமா? யாருகிட்ட இருக்கு?"

கம்ஷாத் யார் பெயரையும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. கடைசி வரிசையில் நாற்காலி மேல் ஒரு பெண் பிளாஸ்க்கோடு நின்றிருந்தாள். எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வேறு வழியில்லாமல் சமால் வந்தாள். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. மேடை ஏறியதும் போரான் அவள் முதுகைப் பார்த்துவிட்டார்.

"பனிப்புயலா? யாரு வரைஞ்சது?"

"நான்தான்." சமால் தரையைப் பார்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். "ஏன் கத்துறதை விட்டுட்டீங்க?"

மைக் அதையும் அரங்கத்துக்குச் சொன்னது.

"விடலையேம்மா. இப்படியும் பாடணும்னு ஆசையா இருந்துச்சு. பாடுனேன்."

"எங்களுக்குப் பிடிக்கலை."

"தெரியும். கிண்ணத்தைப் பாத்தேனே." போரான் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "பிடிக்கலைன்னா பரவால்ல. இப்போ நீ ஊத்து. எவ்வளவு வேணுமோ அவ்வளவு ஊத்து."

சமால் பிளாஸ்க்கைச் சாய்த்தாள். தேநீர் விழுந்தது. கொஞ்சம். இன்னும் கொஞ்சம்.

நிறுத்தினாள். பாதிக்கும் கீழே.

"அப்போ நான் இருக்கலாம்," என்றார் போரான்.

"இருங்க. ஆனா..."

"ஆனா?"

"ஒரே ஒரு தடவை நொறுக்குங்க."

போரான் தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். எழுந்தார். நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டு மைக்கை உயர்த்தினார்.

"நொறு..."

"நில்லுங்க!" மூன்றாவது வரிசையிலிருந்து அம்மா ஓடி வந்தாள். "முதல்ல என் கிண்ணத்தைக் குடுங்க!"

கிண்ணம் பத்திரமாகக் கைமாறியது. அப்புறம்தான் 'நொறுக்கு' தொடங்கியது. மேடையில் சமால் போட்ட சத்தம் போரானின் சத்தத்தையே அமுக்கியது. தோலெகென் மாமா தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டார். ஆனால் அவர் கால் தாளம் போட்டதைக் கம்ஷாத் பார்த்தாள்.

நிகழ்ச்சி முடிந்து எல்லோரும் கம்ஷாத் வீட்டுக்கு வந்தார்கள். மேசையில் சுடச்சுடப் பொரித்த பவுர்சாக் மாவுருண்டைகள் குவிந்திருந்தன.

"அந்தப் பால் பாட்டு எனக்கு இன்னும் பிடிக்கலை," என்றாள் சமால், வாய் நிறைய பவுர்சாக்கோடு.

"எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்," என்றாள் கம்ஷாத். சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

சமால் அவளை ஒரு நிமிடம் பார்த்தாள். "நாளைக்கு ஜாக்கெட்டை எடுத்துட்டு வா."

"பனிப்புயலுக்கு நடுவுல ஒரு கிண்ணமும் வரையுறியா அக்கா?"

"பாதிக் கிண்ணம்தானே?"

"பாதிதான்!"

அன்று அம்மாவே தேநீர் ஊற்றினாள். தோலெகென் மாமாவுக்குப் பாதிக் கிண்ணம். சமாலுக்குப் பாதி. கம்ஷாத்துக்குப் பாதி. கடைசியாக எல்தோஸின் முன்னால், தங்க விளிம்பு போட்ட அதே கிண்ணத்தை வைத்தாள். அவன் முகத்தைப் பார்க்காமல் ஊற்றினாள். ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

தேநீர் விளிம்பில் உப்பி நின்றது.

"அம்மா... அது வந்து... உன்னைக் கேட்டுட்டு எடுத்திருக்கணும்..."

அம்மா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் அவள் உதட்டோரம் லேசாகத் துடித்தது.

எல்தோஸ் கையால் துழாவித் தன் தொப்பியைத் தேட ஆரம்பித்தான்.

கம்ஷாத் எட்டி அந்தக் கிண்ணத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஸ்ர்ர்ர்ர்ர்ப்!"

பிறகு அதை அண்ணன் பக்கம் தள்ளிவிட்டாள். இப்போது அது சரியாகப் பாதி இருந்தது.