வேகாத பருப்பு

மூணாறு பஸ் நிலையத்துக்கு எதிரே, மாடியில், நிமியின் வக்கீல் அலுவலகம். ஹவ்வா வந்தாள். உட்காரவில்லை.

"வக்கீலம்மா, நாந்தான் மூடியைத் தொறந்தேன்னு எழுதிட்டாங்க."

குமாஸ்தா நல்லதம்பி காகிதத்தை வாங்கி உரக்கப் படித்தார். குக்கர் வால்வில் பழுதில்லை. ஆவி அடங்கும் முன் மூடி வலுவில் திறக்கப்பட்டிருக்கிறது. நுகர்வோர் ஆணையம் அனுப்பிய வல்லுநரின் அறிக்கை.

கொழிஞ்சாம்பாறையில் ஹவ்வாவின் வீட்டில் குக்கர் வெடித்து, மகள் நஜ்லாவுக்கு ஒரு கண் போயிற்று. கம்பெனி மேல் பாலக்காடு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டாள். பிறகு மகளோடு, மூணாறை அடுத்த பள்ளிவாசல் என்ற ஊரில் இருக்கும் தம்பி கலீல் வீட்டுக்கு வந்துவிட்டாள். நிமி மனுக் கொடுக்க, மாநில ஆணையம் வழக்கை இடுக்கிக்கு மாற்றியது. பாலக்காட்டில் இருந்த குக்கரை ஹவ்வாவே வாங்கிவந்து இடுக்கியில் ஒப்படைத்தாள். நடுவில் ஒரு வாரம் அது தம்பி வீட்டில் சாக்கோடு கிடந்தது. அதைப் பிரித்துப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"ஏனுங்க, பயத்துல நானே மறந்துட்டனா? எம்புள்ள கண்ணை நானேவா..."

"சும்மா இருத்தா," என்றார் நல்லதம்பி. "கம்பெனிக்காரன் அந்த ஆளை வெலைக்கு வாங்கியிருப்பான். நான் கண்டுபுடிக்கேன். மொதல்ல இந்த வடையத் தின்னு."

"வேண்டாங்ண்ணா. வயிறு சரியில்லீங்க. தம்பி ஊட்ல பருப்பு கல்லாட்டமே கெடக்குது."

"ஒங்க ஊரு வெயிலுக்குப் பருப்பு தானா வெந்துரும். இங்க அடுப்பும் வேணுமுல்லா!"

"புள்ள பயப்படுதுன்னு குக்கரை எடுத்து வெச்சுட்டாங்க. நல்ல மனசுங்க."

அறிக்கையின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நிமி நிமிர்ந்தாள்.

"வந்த அன்னைக்கேவா?"

"இல்லீங்க. இப்பக் கொஞ்ச நாளாத்தான்."

"வெடிச்ச குக்கர் ஏது?"

"பெருநாளைக்குத் தம்பி குடுத்ததுங்க. பாத்திரக்கடை வெச்சிருக்கான், ரிப்பேரும் பாப்பான். அவன் ஊட்டுக்கும் அதே மாதிரி ஒண்ணு எடுத்தான்."

"உங்க ஊர்த் தண்ணி எப்படி?"

"போர்த் தண்ணிங்க. பாத்திரமெல்லாம் வெள்ளையாப் படியும். புளி போட்டுத் தேச்சாலும் போகாது."

நிமி படத்தை அவள் பக்கம் திருப்பினாள். குக்கரின் உட்புறம். புதுக்காசு போலப் பளபளத்தது.

ஹவ்வா உட்கார்ந்தாள்.

கலீலின் அடுப்படியில் நிமி, ஹவ்வா, நல்லதம்பி, கலீல் நால்வரும் நின்றார்கள். கலீலின் மனைவி ஹஸ்னா சட்டியில் பருப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"இடுக்கியில இருக்கறது இந்த வீட்டுக் குக்கர்," என்றாள் நிமி. "மலைத் தண்ணி. அதான் வெள்ளை இல்ல. மூடியை மட்டும் சுத்தியலால அடிச்சு வளைச்சிருக்கு. கேஸை இங்க மாத்தச் சொன்னது யாரு, ஹவ்வா?"

"தம்பி." ஹவ்வா கலீலைப் பார்த்தாள். "புள்ளயை வெச்சுட்டு பாலக்காட்டுக்கு அலையாதேன்னு..."

"பாலக்காட்டுல இருந்தவரைக்கும் அதைத் தொட முடியாது. மாத்தினா, வழியில ஒரு வாரம் கைக்கு வரும். கலீல், வெடிச்ச குக்கர் வால்வுல அப்படி என்ன இருக்கு?"

கலீல் அடுப்பைப் பார்த்துப் பேசினான்.

"ஆவி ஒழுகுதுன்னு அக்கா சொல்லுச்சு. கையில மாத்து வால்வு இல்ல. போல்ட்டு போட்டு அடைச்சேன். அடுத்த தடவை மாத்திக்கலாம்னு... அக்கா..."



ஹஸ்னா கரண்டியை வைத்தாள். விறகுக்குப் பின்னாலிருந்து ஒரு சாக்கை இழுத்து ஹவ்வாவின் காலடியில் போட்டாள். கணவனைப் பார்க்கவில்லை.

ஹவ்வா சாக்குக்குள் கையை விட்டாள். விரலில் சொரசொரவென்று தட்டியது. நகத்தால் சுரண்டினாள். வெள்ளையாக உதிர்ந்தது.

"அப்ப நான் தொறக்கல," என்றாள்.

"நீங்க தொறக்கல."

"அம்மா, யாரு வந்திருக்காங்க?" உள்ளறையிலிருந்து நஜ்லாவின் குரல். "மாமாவும் வந்தாச்சா?"

சட்டியில் பருப்பு கொதித்துக்கொண்டே இருந்தது.

"எதிர்த்தரப்புல தம்பி பேரைச் சேர்க்கணும்," என்றாள் நிமி மெல்ல. "நீங்கதான் சொல்லணும்."

ஹவ்வா தரையில் உட்கார்ந்து குக்கரை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"சேத்துருங்க."