குட்டிமாவுக்கு நாலு பேர்

திரையில் நாலிலிருந்து மூன்றாக வேண்டிய எண், இரண்டாகியிருந்தது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லோரும் போய்விட்ட நேரம். ஏசியின் முனகலும், யாரோ உரித்துப் போட்டுவிட்டுப் போன ஆரஞ்சுத் தோலின் வாசனையும், திரைச்சீலைக்குப் பின்னால் அசைந்துகொண்டிருந்த வெயிலும் தவிர அந்தத் தளத்தில் அவளுக்குத் துணை யாருமில்லை. அவள் எழுதிய புரோகிராமின் வேலை ரொம்ப எளிது. கணினியின் நினைவகத்தில் இருக்கும் ஒரு பொருளை எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்று எண்ணும். பூஜ்யமானால் அதைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்துவிடும். சோதித்துப் பார்க்க ஒரு பெயர் வேண்டுமே என்று, புத்தி கெட்டுப்போய், மகளின் செல்லப்பெயரைக் கொடுத்திருந்தாள். பிடித்திருப்பவர்கள் அம்மா, அப்பா, அத்தை, கீழ்த்தளக் குழந்தைகள் காப்பகத்து டீச்சர். ஒவ்வொருவராக விடவேண்டும். முதலில் அத்தை.

போன் அடித்தது. நாத்தனார்.

"அண்ணி, என் போன் பூரா ஒரு சின்னப் பொண்ணு போட்டோவா இருக்கு. யாரு இது?"

"விளையாடாதடி."

"நிஜமாத்தான் கேக்கறேன்."

விட்டது ஒருத்திதான், குறைந்தது இரண்டு. எழுதியதை மேலே தள்ளிப் பார்த்தாள். விடும் வரியை இரண்டு தடவை எழுதித் தொலைத்திருந்தாள். அடுத்து அப்பா; அப்போதும் இரண்டு குறையும். நிறுத்தும் பட்டனை அழுத்தினாள், மறுபடி அழுத்தினாள், கேபிளையே பிடுங்கினாள். திரை அணையவில்லை. கணவனைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, குட்டிமாவையே நினைச்சுக்கிட்டு இருங்க. ஏன்னு கேக்காதீங்க."

"யாரை?"

பூஜ்யம்.

நான் இன்னும் விடவில்லையே! விடவே இல்லையே! படிகளில் விழுந்தடித்து இறங்கினாள்.

காப்பகத்து வாசலில் டீச்சர் சிரித்தபடி நின்றாள். இடுப்பில் குட்டிமா. அதே மஞ்சள் கவுன்.

"தூங்கி எழுந்ததுலேர்ந்து பேசவே மாட்டேங்கறா மேடம்."

பிடுங்காத குறையாக வாங்கினாள். டீச்சர் கையை விட்டாள்.

கனம். குட்டிமா இவ்வளவு கனமில்லை. நெஞ்சோடு அணைத்தாள். உள்ளே எதுவும் துடிக்கவில்லை. அந்த இடத்தை வேறொன்றுக்குக் கொடுத்தாகிவிட்டதோ? கீழே போட்டுவிட்டு ஓடு என்றது உடம்பு. போட்டால் குட்டிமாவைப் பிடித்திருக்க இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை. இறுக்கினாள்.

அதுவும் இறுக்கியது. கழுத்தைக் கட்டிக்கொண்ட சின்னக் கைகள் முதுகில் நீண்டன. இடுப்பைச் சுற்றின. சுற்றிக்கொண்டு முன்பக்கம் வந்து, அவள் வயிற்றின்மேல், ஒவ்வொரு விரலாகக் கோத்துக்கொண்டன.