கப்பலில் சுருங்கிய மனிதர்

"எனக்குக் கண்ணாடி வேண்டாங்க," என்றாள் வந்தவள். "எங்க தாத்தா கொலைகாரரா இல்லையான்னு தெரிஞ்சா போதும்."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் கையிலிருந்த குட்டித் திருப்புளியைக் கீழே வைத்தார். கடை அவருக்குப் பிழைப்பு. குடும்ப வரலாறு தேடுவது அவருக்குப் பித்து. கடல் தாண்டிப் போன முன்னோர்களைத் தேடுகிறவர்கள் சனிக்கிழமைதோறும் நூலக மாடியில் கூடுவார்கள். அந்தக் குழுவில் எல்லோருக்கும் அவர் 'கண்ணாடிக்காரர்'. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவருடைய மைத்துனி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். காலை நடைக்கும் மாலை நடைக்கும் நடுவில் அத்தானின் கடையே கதி என்று கிடப்பாள். குழு அவளுக்கு வைத்த பெயர் 'அவசரம்'.

"கொலையா? உட்காருங்க, உட்காருங்க," என்று அவசரம் தன் நாற்காலியையே தூக்கிக் கொடுத்தாள்.

வந்தவள் இரண்டு தெரு தள்ளி பேக்கரி நடத்துகிறவள். முழங்கை வரை மாவு ஒட்டியிருந்தது. ரொட்டி சுற்றும் காகிதத்தைப் பிரித்து, சட்டம் போட்ட ஒரு பழைய புகைப்படத்தை மேசைமேல் வைத்தாள். கையில் சுத்தியலும் சிற்றுளியுமாக நிற்கும் மெலிந்த இளைஞன்.

"இவர்தான் தாத்தா. கல்லறைக் கல்லுல எழுத்து வெட்டுறவர். இவருக்கு ஒரு அண்ணன், ஒரு அக்கா. அப்பா அம்மா சின்ன வயசுலயே போயாச்சு. அண்ணன் தச்சர். கடலுக்கு அந்தப் பக்கம் தச்சு வேலைக்கு ஆள் எடுத்தப்போ அவருக்குச் சீட்டு கிடைச்சுது. அவர் கப்பலேறின அதே விடியக்காலையில அக்கா செத்துட்டாங்க. விஷக்காய்ச்சல்னு சொல்லி, யாருக்கும் முகத்தைக்கூடக் காட்டாம தாத்தாவே புதைச்சுட்டார். முந்தின நாள் நல்லா இருந்த பொண்ணு. ஊர் சும்மா இருக்குமா? தம்பியே அடிச்சுக் கொன்னுட்டான், அண்ணன் அது தெரிஞ்சு வெறுத்துப்போய்க் கப்பலேறிட்டான், அதான் ஒரு தகவலும் அனுப்பலைன்னு பேச ஆரம்பிச்சுட்டாங்க. தாத்தா சாகிற வரைக்கும் ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. அந்தப் பேச்சாலயே எங்கம்மாவுக்கு நிச்சயம் பண்ணின கல்யாணம் ரெண்டு தடவை நின்னுபோச்சு."

"இத்தனை வருஷம் கழிச்சு இப்ப ஏன் வந்தீங்க?" என்று கண்ணாடிக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"போன வாரம் உங்க குழுவோட இணையப் பக்கத்துல இதே படத்தை ஒருத்தர் போட்டிருந்தார். அக்கரையில இருக்கிற தச்சர். 'எங்கள் வீட்டுச் சுவரில் இருப்பவர் யார்'னு கேட்டிருக்கார். அம்மாகிட்ட பேசணும்கிறார். அம்மாவோ, தோண்டாதேன்னு கத்துறாங்க."

*

மறுநாள் மதியம், கண்ணாடிக் கூடு ஒன்றின்மேல் சாய்த்து வைத்த கைபேசியில் இரண்டு முகங்கள் தெரிந்தன. ஒன்று தச்சருடையது. ஐம்பதைத் தாண்டியவர், காதிடுக்கில் பென்சில். இன்னொன்று அவர் வசிக்கும் துறைமுக ஊரிலேயே செவிலியாக வேலை பார்க்கும் பெண்ணுடையது. ஓய்வு நாளெல்லாம் அவள் பழைய கப்பல் பதிவேடுகளோடுதான் குடித்தனம். குழுவுக்கு அவள் 'கப்பல் அக்கா'. தச்சருக்குத் தமிழ் தடுக்கினால் அவள் கைகொடுப்பாள் என்பது ஏற்பாடு.

"முதல்ல என் தலைவலியைச் சொல்லிடறேன்," என்றாள் கப்பல் அக்கா. "பேக்கரியம்மாவோட பெரிய தாத்தா இங்க இறங்கியிருக்கார். துறைமுக டாக்டர் பார்த்து அனுப்பின பதிவு இருக்கு. அதுக்கப்புறம் ஆளே இல்லை. வேலை செஞ்ச இடமில்லை, கல்யாணமில்லை, கல்லறையில்லை. காத்துல கரைஞ்ச மாதிரி. தச்சரோட பாட்டி கதை இதுக்கு நேர்மாறு. இங்க மரமறுக்கிற ஆலையில இருந்தவரைக் கட்டியிருக்காங்க, பிள்ளை பெத்திருக்காங்க, தொண்ணூறு தாண்டி வாழ்ந்திருக்காங்க. ஆனா அவங்க வந்த கப்பல் எதுன்னு தெரியலை. எந்தப் பதிவுலயும் இல்லை. ஒருத்தர் இறங்கிக் காணாமப் போறார், ஒருத்தி ஏறாமலே வந்து நிக்கிறா."

"அந்தப் படம் உங்க பாட்டி கொண்டு வந்ததா?" என்று கண்ணாடிக்காரர் தச்சரைக் கேட்டார்.

"ஆமா, பாட்டி." தச்சர் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்து வைத்தார். "பாட்டி சொல்லும், இது மாமா. ஊர்ல இருக்கிற மாமா." பிறகு தோளுக்குப் பின்னால் திரும்பிக் குரல் கொடுத்தார். "சித்தப்பா! படம் எடுத்துட்டு வாங்க!"

வழுக்கைத் தலைப் பெரியவர் ஒருவர் சட்டத்தை அணைத்தபடி வந்து நின்றார். பேக்கரிக்காரி காட்டிய அதே படம், அதே சுத்தியல், அதே பார்வை.

"மாமான்னா யாருக்கு மாமா?"

"அப்பாவுக்கு. இந்தச் சித்தப்பாவுக்கு. அவங்க எல்லாருக்கும்."

கண்ணாடிக்காரர் தலையை ஆட்டிக்கொண்டார். அதற்குமேல் அதைப்பற்றிக் கேட்கவில்லை. "கப்பல் அக்கா, அந்த டாக்டர் என்னென்ன எழுதியிருக்கார்?"

"வயசு, உயரம், நோய் இல்லைங்கிறது. உயரத்துல ஒரு குளறுபடி. ரெண்டு மாசம் முன்னாடி சீட்டு கொடுத்தப்போ அளந்ததைவிட அரை அடி கம்மி. எழுதினவன் தூங்கியிருப்பான்."

"அதே பக்கத்துல இருக்கிற மத்தவங்களுக்கு?"

காகிதம் புரளும் ஓசை கேட்டது. "மத்தவங்க எல்லாருக்கும் சரியா இருக்கு."

அழைப்பு முடிந்ததும் அவசரம் துள்ளி எழுந்தாள். "அத்தான், முடிஞ்சுது! அந்தப் பொம்பளை கப்பல்ல வந்த பெரிய தாத்தாவைத் தீர்த்துட்டு, அவர் பெட்டியோட படத்தையும் சுருட்டியிருக்கா. கேட்டா ஏதோ சொல்லணுமேன்னு 'மாமா'ன்னு சொல்லியிருக்கா. தமிழ் மறந்தவங்களுக்கு எல்லா ஆம்பளையும் மாமாதான். நம்ம வீட்டுலயே பாதிப் பேர் உங்களை மாமான்னுதானே கூப்பிடறாங்க?"

"இப்பவே ரெண்டு கொலை ஆயிடுச்சா?" என்று அவர் சிரித்தார். "உன் வண்டி காலியாத்தானே நிக்குது? அந்தக் கல்லறையைப் பார்த்துட்டு வந்துடலாம், வா."

ஐம்பது பிள்ளைகள் ஏறும் வண்டியில் இருவர் மட்டும் போனார்கள். கல்லறைத் தோட்டத்தில் நுழைந்ததுமே அந்த எழுத்துக்காரரின் கை தெரிந்துவிட்டது. வளைவுகளில் ஒரு பிசிறில்லை. ஊரில் பாதிப் பேருக்கு அவர்தான் கடைசியாகப் பெயர் எழுதியிருந்தார். ஓர் ஓரத்தில், வேப்பமர நிழலில், ஒரு வெற்றுக்கல் நின்றது.

"இதான் அக்கா கல்லறை," என்றாள் அவசரம். "ஊருக்கெல்லாம் வெட்டினவர், சொந்த அக்காவுக்கு ஒரு எழுத்து வெட்டலை பாருங்க. மனசாட்சி உறுத்தியிருக்கும்."

கண்ணாடிக்காரர் முழங்காலிட்டு, சட்டைப்பையிலிருந்த பூதக்கண்ணாடியால் கல்லைப் பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை. எழுந்தபோது அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"வெற்றுக்கல் இல்லம்மா. எழுத்து நேரா வர்றதுக்குக் கோடு கீறியிருக்கார். மழையில மங்க மங்கத் திரும்பத் திரும்பக் கீறியிருக்கார். பல வருஷமா வந்து வந்து உளியை வெச்சுட்டு, வெட்ட முடியாமத் திரும்பிப் போயிருக்கார்."

"ஏன் அத்தான்?"

"ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் இருக்கும்போது சொல்றேன்," என்று அவர் முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு வண்டியை நோக்கி நடந்தார். அவசரத்துக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

*

ஞாயிற்றுக்கிழமை பேக்கரியின் பின்கட்டில் எல்லோரும் கூடினார்கள். காலை அடுப்பு அணைந்தும் சூடு ஆறவில்லை. பேக்கரிக்காரியின் தாய், மகளின் வற்புறுத்தலுக்காக வந்து, கைகளை இறுகக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எண்பது வயதிலும் நிமிர்ந்த முதுகு. மாவுத் தகரத்தின்மேல் நிறுத்திய பெரிய கைபேசியில் அக்கரைக்காரர்கள் இருந்தார்கள்.

"எங்கப்பா கொன்னாருன்னுதான் சொல்லப்போறீங்கன்னா சீக்கிரம் சொல்லிட்டுப் போங்க," என்றார் அந்தத் தாய். "அஞ்சு வயசுல பள்ளிக்கூடத்துலயே சொல்லிக் கொடுத்துட்டாங்க எனக்கு."

"உங்கப்பா யாரையும் கொல்லலைம்மா," என்றார் கண்ணாடிக்காரர். "முதல்ல அந்தக் கல்லையே எடுத்துக்குவோம். அக்காவைக் கொன்னவரா இருந்தா அவருக்கு எது வசதி? உடனே பெயரை வெட்டி, கீழே நாலு நல்ல வார்த்தை போட்டு, ஊர் வாயை அடைக்கிறதுதானே? எழுத்து அவருக்குக் கைவந்த வேலை. பெயரில்லாத கல்லை நட்டு, ஆயுசு முழுக்கச் சந்தேகத்தை வளர்த்துக்கிட்டார். ஏன்? வெட்ட வேண்டிய பெயரை வெட்டக் கூடாது. வெட்டக் கூடிய பெயர் பொய். வாயால ஒரு பொய் சொல்லிட்டார். கல்லுல சொல்ல அவருக்கு மனசு வரலை."

அந்தத் தாயின் கட்டிய கைகள் மெல்லத் தளர்ந்தன.

"அடுத்து, உயரம். துணி தண்ணியில நனைஞ்சா சுருங்கும். மனுஷன் கப்பல்ல வந்தா சுருங்குவானா? அந்தப் பக்கத்துல இருக்கிற மத்த எல்லாருக்கும் அளவு சரியா இருக்கு. அப்போ அளந்தவங்க மேல தப்பில்லை. சீட்டு வாங்கினவர் ஒருத்தர். அந்தச் சீட்டோட போய் இறங்கினவர் வேற ஒருத்தர், அரை அடி குள்ளமானவர்."

"அத்தான்..." அவசரம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு வழி காட்டினது ஒரு வார்த்தை. படத்துல இருக்கிறவரை அக்கரையில பாட்டியோட பிள்ளைங்க 'மாமா'ங்கிறாங்க. பெரிய தாத்தா அங்க போய்க் குடும்பமாகி, அது அவரோட பிள்ளைங்களா இருந்தா, அப்பாவோட தம்பியை என்னன்னு சொல்லணும்? சித்தப்பா. அந்த வார்த்தை அவங்களுக்கு மறக்கலை. நம்ம காதுபடத்தானே தச்சர், 'சித்தப்பா, படம் எடுத்துட்டு வாங்க'ன்னு கூப்பிட்டார்? மொழியெல்லாம் போனப்புறமும் முறை தப்பாமக் காப்பாத்தி வெச்சிருக்காங்க. சித்தப்பா வேற, மாமா வேற. மாமான்னா அம்மாகூடப் பிறந்தவர். அப்போ உங்கப்பாகூடப் பிறந்து அங்க போய்ச் சேர்ந்தது..."

"அத்தை," என்றார் அந்தத் தாய். "எங்க அத்தை."

திரையில் கப்பல் அக்கா இரண்டு கைகளாலும் கன்னங்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காணாமல் போனவரும் கப்பலேறாமல் வந்தவளும் ஒரே ஆள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"காய்ச்சல்ல செத்தது அண்ணன்," என்று கண்ணாடிக்காரர் தொடர்ந்தார். "கப்பல் புறப்படற அன்னிக்கு முந்தின ராத்திரி. சீட்டு கையில இருக்கு. ஆள் இல்லை. அந்தப் பொண்ணு அண்ணனோட உடுப்பைப் போட்டு, முடியை வெட்டி, அவர் பெயர்ல ஏறியிருக்காங்க. தம்பி, செத்த அண்ணனை அக்கான்னு சொல்லிப் புதைச்சார். முகத்தைக் காட்ட முடியுமா? உண்மை தெரிஞ்சா அக்கரையில அவங்களைப் பிடிச்சுத் திருப்பி அனுப்பிடுவாங்க. அவங்களும் தகவல் அனுப்பலை. எழுதினா பெயர் போடணும். எந்தப் பெயரைப் போடறது? அவங்க போய்ச் சேர்ந்தாங்களா, கடல்ல போனாங்களான்னுகூட உங்கப்பாவுக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது. கொலைகாரன்னு ஊர் சொன்னதை வாங்கிக்கிட்டு, வாயை மூடிட்டு இருந்துட்டார். எனக்குத் தெரியாத ஒண்ணு பாக்கி இருக்கு. தச்சர்னு சொல்லி இறங்கின பொண்ணு, தச்சு வேலைக்கு என்ன பண்ணினாங்க?"

கப்பல் அக்கா தச்சரிடம் அவருடைய மொழியில் வேகமாகப் பேசினாள். கேட்கக் கேட்க அவர் கண்கள் அகன்றன. அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடி வைத்தார், மறுபடி எடுத்தார்.

"வேலை... பாட்டிதான் சொல்லிக் கொடுத்தது," என்றார். "தாத்தாவுக்குத் தச்சு தெரியாது. அப்பாவுக்கு, சித்தப்பாவுக்கு, எனக்கு, எல்லாருக்கும் பாட்டி. இழைப்புளி பிடிச்சா மரம் பட்டு மாதிரி வரும். நல்லா இருக்குன்னு சொன்னா பாட்டிக்குக் கோபம் வரும். 'இந்தக் கை என்னுது இல்ல, எங்க அண்ணனுது'ன்னு சொல்லும். நாங்க சும்மா பேச்சுன்னு நினைச்சோம்."

கண்ணாடிக்காரர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தாய் நாற்காலியைத் திரைக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அப்பா போனப்போ நான் அழலை," என்றார், யாரிடம் என்றில்லாமல். சற்று நேரம் முந்தானைக்குள் முகம் புதைந்திருந்தது. மகள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு நிமிர்ந்தார்.

"தம்பி, உன் பின்னாடி நிக்கிற பெரியவர் யாரு?"

"சித்தப்பா. பாட்டியோட கடைசிப் பையன்."

"அத்தை மகனா? அப்போ எனக்கு முறை மாப்பிள்ளை ஆச்சே!" என்று சொல்லிவிட்டு எண்பது வயதில் வெட்கப்பட்டார். அவசரம் கைதட்டியே விட்டாள். வழுக்கைத் தலைக்காரருக்குக் கப்பல் அக்கா அதை மொழிபெயர்த்ததும் அவர் இல்லாத முடியைக் கோதிக்கொண்டார்.

"நீ அத்தை மகனோட பையன். அப்போ எனக்கு மகன். என்னைச் சின்னம்மான்னு கூப்பிடு. வேற யாரெல்லாம் இருக்கீங்க? எல்லாரையும் வரச் சொல்லு."

தச்சர் எங்கோ பார்த்துக் கூவினார். முதலில் இரண்டு பெண்கள் வந்தார்கள். மரத்தூள் படிந்த மூன்று வாலிபர்கள் வந்தார்கள். ஒரு கைக்குழந்தை, அதைத் தூக்கியவள், அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள். தச்சர் கைபேசியை எடுத்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார். கூடத்தில் இடம் போதாமல் வாசலுக்குப் போனார். அங்கேயும் தலைகள். ஒரு பெண் விடியற்காலையில் செத்த அண்ணனின் சட்டையை மாட்டிக்கொண்டதால் உலகத்துக்கு வந்தவர்கள் அத்தனை பேரும். திரை கொள்ளவில்லை.

"இன்னும் தெருவுல நிக்கிறாங்க, சின்னம்மா," என்றார் தச்சர்.

அந்தத் தாய் அடுப்பிலிருந்து இறக்கிய ரொட்டியைப் பார்ப்பதுபோல் ஒவ்வொரு முகமாக உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடையின் முன்பக்கம் யாரோ கண்ணாடிக் கதவைத் தட்டினார்கள். ரொட்டி கேட்டு வந்தவர்கள். பேக்கரிக்காரி எழுந்திருக்கப் போனாள்.

"இன்னிக்குக் கடை இல்லைன்னு சொல்லு," என்றார் அவள் தாய், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "எங்க அத்தை வீட்டு ஆளுங்க வந்திருக்காங்க."