கழுத்து மெலிந்த கிடார்

"இது என் பையனோட கிடாரே இல்ல, வெர்னா. கம்பி ஓடுற இந்தக் கழுத்தைப் பிடிச்சுப் பாரு! அது பேஸ்பால் மட்டை மாதிரி தடியா இருக்கும். இது விளக்குமாத்துக் கட்டை மாதிரி இருக்கு."

ஹார்லன் ப்ரூவிட் கிடாரை வெர்னாவின் பட்டறை மேசைமேல் வைத்தார். 1963-இல் செய்த மின்கிடார். கடல்பச்சை நிறம் வெளிறிப் போயிருந்தது. இருபது வருடம் அவர் வாசித்துவிட்டு மகன் வெண்டலுக்குக் கொடுத்தது. வெண்டல் கார் விபத்தில் இறந்து ஆறு வாரம் ஆகிறது. அவனுடைய குழுவில் டிரம்ஸ் வாசிக்கும் டீக், நேற்றுதான் கிடாரைத் திருப்பிக் கொடுத்தான். அவனும் இப்போது கதவருகே, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றான்.

"கழிப்பறைக்குக்கூட கிடாரோட போறவன் அவன். செத்த அன்னிக்கு மட்டும் அது எதுக்குடா உன் வீட்டுல இருந்துச்சு? சொல்லேன்டா!"

டீக் தரையைப் பார்த்தான்.

"ஒரு வருஷமா என்கூட வாசிக்கவே வரல. பெரிய ஆளாயிட்டானாம்! அவங்கம்மா நோராவுக்குக் கை கொஞ்சம் கொஞ்சமா விழுந்தப்போ ரெண்டு வருஷம் நான்தான் சூப் ஊட்டினேன். அதைப் பார்த்து வளர்ந்தவன் என்னை மதிக்கல. 'ஞாயித்துக்கெழம வந்து வாசி, இல்லேன்னா வராதே'ன்னு போன்ல கத்தினேன். வர்ற வழியிலதான்..." அவர் கிடாரை விரலால் தட்டினார். "மிஞ்சினது இந்தக் கிடார்தான். அதுவும் போலின்னா இவன்மேல போலீஸ்ல எழுதிக் கொடுப்பேன்."

நாஷ்வில் நகரத்தில் பழைய கிடாரில் எது அசல், எது போலி என்று சண்டை வந்தால் வெர்னாவின் பட்டறைக்குத்தான் வருவார்கள். வெர்னா அதிகம் பேசமாட்டாள். அவளுக்கும் சேர்த்து உதவியாளர் ட்ரூடி பேசிவிடுவாள்.

"அசல் கழுத்தை வித்துட்டு வேற மாட்டியிருக்கான்! வேறென்ன?" என்றாள் ட்ரூடி.

வெர்னா கழுத்தைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றினாள். "மிஸ்டர் ஹார்லன், உள்ள எதையாவது வெச்சீங்களா?"

"தீப்பெட்டி அட்டை. கழுத்து சரிவா நிக்கணும்னு. நானும் நோராவும் மொதல்ல சாப்பிட்ட கடையோடது."

கழுத்து கழன்று வந்தது. அட்டை இருந்தது.

"அட்டையை மட்டும் இதுல மாத்தி வெச்சிருக்கலாமே!" என்றாள் ட்ரூடி.

"இரு, ட்ரூடி. தலைப்பக்கம் பாரு. பழைய மஞ்சள் வார்னிஷ்."

"அந்த சிகரெட் சுட்ட தழும்பு நான் வெச்சது," என்றார் ஹார்லன் மெதுவாக.

"பின்பக்கம் மட்டும் வெறும் மரம். ரெண்டும் ஒரே துண்டு, ரேகை அப்படியே ஓடுது. கழுத்தை யாரும் மாத்தல. இழைச்சிருக்காங்க. இழைச்சா இதோட விலை பாதியாயிடும். திருடன் அதைச் செய்வானா?"

ட்ரூடி குனிந்து மர ரேகையைப் பார்த்தாள்.

வெர்னா கிடார்ப் பெட்டிக்குள் இருந்த சின்ன அறையைத் திறந்தாள். நான்கு காலி கம்பி உறைகள். ஒவ்வொன்றிலும் கம்பியின் தடிமன் எண்; பக்கத்தில் கம்பி மாற்றிய தேதி, வெண்டலின் கையெழுத்தில்.

"போன வருஷம் மார்ச்சுல பதினொன்னு. ஜூலையில பத்து. கிறிஸ்துமஸுக்கு ஒன்பது. இந்த ஏப்ரல்ல எட்டு."

"ஒவ்வொரு தடவையும் இன்னும் மெலிசா!" என்றாள் ட்ரூடி. "அழுத்துறதுக்கு பலம் கம்மியாப் போதும்... ஐயோ."

"கிடார் மாறல, மிஸ்டர் ஹார்லன். கைதான் மாறியிருக்கு."

பெட்டியின் மூலையிலிருந்து வெர்னா கடைசியாக ஒரு பிக்கை எடுத்து வைத்தாள். கம்பியை மீட்டும் அந்தச் சின்ன வில்லையைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பர் இறுக்கி ஒட்டியிருந்தது, விரலிலிருந்து நழுவாமல் இருக்க.

ஹார்லன் அதன்மேல் குனிந்தார்.

"நோராவோட ஸ்பூனுக்கு நான் இப்படித்தான் சுத்திக் கொடுத்தேன். கடைசியில அதையும் பிடிக்க முடியாமப் போச்சு. இதே மாதிரி சைக்கிள் டியூப்."

அப்போதுதான் டீக் பேசினான். "மூணு தடவை நான்தான் இழைச்சேன். அம்மாவுக்கு வந்த அதே நோய்தான் தனக்கும்னு டாக்டர் சொன்ன அன்னிக்கே, அப்பாகிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். 'இன்னொரு தடவை அப்பாவை ஊட்ட வைக்க மாட்டேன்'னான்."

"அப்போ அந்த ஞாயித்துக்கெழம..."

"கிடாரை விட்டுட்டுப் போயிருக்கான்," என்றாள் வெர்னா. "வாசிக்க வரல அவன். உங்ககிட்ட சொல்ல வந்திருக்கான்."

டீக் தலையாட்டினான்.

"அந்தக் கையை வெச்சுக்கிட்டு ஸ்டியரிங்கை எப்படிடா பிடிச்சான்?"

"நான் ஓட்டுறேன்னு கெஞ்சினேன், மிஸ்டர் ஹார்லன். தனியாத்தான் போகணும்னான்."

"நீ எனக்கு ஒரு போன் பண்ணியிருந்தா நான் ஓடி வந்திருப்பேனேடா."

ஹார்லன் பிக்கை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, மெலிந்த அந்தக் கழுத்தை மடியில் வைத்துத் தடவினார். வெர்னா திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கினாள்.

திருடன் என்று பேர் வாங்கியும், உண்மை தானாக வெளிவரும்வரை டீக் சத்தியத்தைக் காப்பாற்றினான். விபத்து நடந்த அன்று ஒரே ஒரு முறை அதை மீறி ஹார்லனுக்குப் போன் செய்திருக்க வேண்டுமா? நீங்கள் அவன் இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள், சொல்லுங்களேன்?