தலைவரோடு ஒத்துப்போன வீடு

தலைவர் சொன்னதற்குப் பக்கத்து அறை "ஆமா" என்றது.

சொன்னது என்னவோ பெரிய விஷயம்தான். "மனுஷன் எதுக்குக் கூட்டமா வாழறான்? பயம். வேற ஒண்ணுமில்ல." சாயங்கால வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்த காலிக் கூடத்தில், சாய்வு நாற்காலியில் கால் நீட்டியபடி, கேட்க ஆளில்லை என்பதைப் பொருட்படுத்தாமல் மேடைக் குரலில் அறிவித்தார். அப்போதுதான் அந்த ஒற்றை "ஆமா". மெல்லிய, பணிவான குரல். எழுந்து போய்ப் பார்த்தார். ஒரு மடக்குக் கட்டிலும் ஈரச் சுண்ணாம்பு வாசனையும்தான் இருந்தன.

அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்குப் பல வருஷம் தலைவராக இருந்தவர். வாசல் கேட்டுக்கு என்ன நிறம் அடிப்பது என்ற உலகப் பிரச்சினையில் அவர் பச்சை என்றார். சங்கமே நீலம் என்றது. கூசாமல் மனைவியும் நீலம் என்றாள். மறுநாளே, மனித சமூகத்தைத் துறப்பதாக லிஃப்ட் வாசலில் ஓர் உரை நிகழ்த்திவிட்டு, ஊர் முடிந்தும் வெகுதூரம் போகும் மண்பாதையின் கடைசியிலிருந்த இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டார். துறவிக்கேற்ற வீடு. குளியலறையில் வெந்நீர் வரும்.

அந்த "ஆமா" அவரைப் பயமுறுத்தவில்லை என்பதுதான் வெட்கக்கேடு. பிடித்துப்போயிற்று. "மழை வரும்போல இருக்கு" என்றார். ஆமா. "நீலமெல்லாம் ஒரு நிறமே இல்ல." ஆமா, ஆமா. இப்போது இரண்டு மூன்று குரல்கள். இத்தனை வருஷக் கூட்டங்களில் கிடைக்காத மரியாதை! தலைவர் நாள் முழுக்கப் பேசினார். குரல்கள் பெருகின. ஆளில்லாத அறையிலிருந்து, பலர் நெருக்கியடித்து உட்கார்ந்து எழுந்துபோன இடத்தின் வாசனை, தலை எண்ணெயும் வியர்வையுமாக, வெதுவெதுப்பாகக் கூடத்துக்கு வரத் தொடங்கியது.

ஒருநாள் அவர் வாயே திறக்கவில்லை. 'வீட்டுக்கே போயிடலாமா' என்று மனசுக்குள் நினைத்தார், அவ்வளவுதான். பக்கத்து அறையின் முணுமுணுப்பு சட்டென்று நின்றது.

நின்றது நின்றதுதான்.

மனைவிக்குப் போன் போட்டார். "சங்கத்துல என்னைத் தேடறாங்களாமே?"

"யாரும் தேடல. நீலம் அடிச்சாச்சு, பளிச்சுன்னு இருக்கு. அது சரி, அங்க யாருங்க அத்தனை பேரு?"

"யாருமில்லையே."

"பின்ன மூச்சு விடறது யாரு?"

அவர் போனைப் பொத்திக்கொண்டு பக்கத்து அறையை எட்டிப் பார்த்தார்.

"நாளைக்குக் கார் எடுத்துட்டு வரேன். வர்றதா இருந்தா கிளம்பி நில்லுங்க. கௌரவம் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா நான் திரும்பிப் பார்க்காமப் போயிடுவேன்."

மறுநாள் பொழுது சாயும் நேரம், மழையில் கார் வந்து நின்றது. தலைவர் விடியலிலிருந்தே பெட்டியோடு மூடிய ஜன்னலருகே நின்றிருந்தார். குடையைப் பிடித்தபடி அவள் சேற்றுக்கு அப்பால் இறங்கினாள்.

"ஏங்க! வர்றீங்களா இல்லையா?"

வரேன் என்ற சொல் நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் தலைவர் அல்லவா? இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று ஒரு கணம் காத்திருந்தார்.

ஒரே ஒரு கணம்.

"வரல. நீ போகலாம்."

அவருடைய குரல். அதே கனைப்பு, அதே கம்பீரம். முதுகுக்குப் பின்னாலிருந்து.

"ஆமா!" என்றது கூடம் முழுக்க.

"திருந்தவே மாட்டீங்களா நீங்க?" அவள் காருக்குத் திரும்பிக் குடையை மடக்கினாள். அந்தக் குரலைச் சந்தேகப்பட அவளுக்கு என்ன இருந்தது? முப்பது வருஷமாகக் கேட்ட பதில்தானே.

தலைவர் கத்தினார். "இரு! நான் வரேன்! அது நானில்ல!" கூடத்தில் கைதட்டல் எழுந்தது. அவர் கத்தல் அதில் மூழ்கியது. வெளியே கேட்டவளுக்கு அது மழை.

கதவை இழுத்தார். அசையவில்லை.

காரின் சிவப்பு விளக்கு. சின்னதாக. இன்னும் சின்னதாக. இல்லை.

கைதட்டல் ஓய்ந்தது.

தலைவர் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு மூச்சை அடக்கினார். திரும்பவில்லை. திரும்பக் கூடாது.

குளிர்ந்த கண்ணாடியில், அவர் முகத்துக்குப் பக்கத்தில், வெள்ளையாக ஓர் ஆவி படிந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று. மேலே ஒன்று. கீழே, குழந்தை உயரத்தில், ஒன்று.

அவர் இன்னும் மூச்சு விடவில்லை.