முன்சீட்டில் இருப்பவர்

ஷெட்டிலிருந்து காரைப் பின்பக்கமாக எடுக்கும்போது மகள் மெல்லிய குரலில், "சரிங்க சார்" என்றாள்.

ஜன்னலை ஒட்டியே நடந்து வந்த பஸ்காரர் குனிந்து உள்ளே பார்த்தார். அவளைத் தவிர யாரும் இல்லை.

"என்னம்மா சொன்ன?"

"நானா? ஒண்ணும் சொல்லலையேப்பா."

வண்டி குலுங்காமல் கேட்டருகே போய் நின்றது. அதுதான் அவரை இன்னும் உறுத்தியது. முன்பு இரவல் காரில் அவர் சொல்லிக்கொடுத்தபோதெல்லாம் அவள் கிளட்சை விட்டால் வண்டி தவளை மாதிரித் துள்ளும், அவர் கத்துவார், அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவர் அவர். தெருவே பஸ்காரர் என்றுதான் கூப்பிடும். கல்லூரி சேர்ந்த மகளுக்குப் பழைய கார் ஒன்று பார்க்க ஊரையெல்லாம் சுற்றி, கதவு ஓரத்துத் துருவைச் சுரண்டி, ஆயிலை விரலில் தேய்த்து முகர்ந்து, கடைசியில் இந்த வண்டியைத் தேர்ந்தெடுத்ததும் அவரேதான்.

"ஓட்டத் தெரியுமா பாப்பாவுக்கு?" என்று வாங்கப் போன அன்று கேட்டாள் வண்டியை விற்ற அம்மா. அவள் வாசற்படியை விட்டு இறங்கவே இல்லை.

"இனிமேதான் பழகணும்."

"அப்ப நல்லதாப் போச்சு. இது எங்க வீட்டுக்காரர் டிரைவிங் ஸ்கூல் வண்டி. சொல்லிக்குடுக்குறவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. கத்துக்க ஒரு ஆள் கெடச்சா போதும், அவருக்குச் சோறு தண்ணி வேணாம். வண்டியிலதான் உயிரும் போச்சு." சாவியைக் கையில் போடாமல் சுவர்மேல் வைத்தாள். "நீங்க மட்டும் பின்சீட்டுல உக்காந்துக்குங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

வீட்டுக்காரரை இழந்தவள், ஏதோ பேசுகிறாள் என்று விட்டுவிட்டார்.

கார் வீட்டுக்கு வந்த பிறகு மகள் மாறிப்போனாள். கல்லூரி விட்டு வந்ததும் பையைக்கூட உள்ளே வைக்காமல் கார் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடுவாள். அடுக்களை ஜன்னல் வழியே அவள் பேச்சு கேட்கும், வார்த்தை புரியாது. நடுநடுவே சிரிப்பு. வயிறு குலுங்கச் சிரிக்கும் அந்தச் சிரிப்பு அவள் சின்னக் குழந்தையாக இருந்தபோது அவருக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அவர் ஷெட் பக்கம் போனால் நின்றுவிடும்.

ஒரே வாரத்தில் பாலத்து ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, ஒரு விரற்கடைகூடப் பின்னால் உருளாமல் எடுத்துவிட்டாள். பின்சீட்டில் இருந்த பஸ்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெருமையாக இருந்திருந்தால் தேவலை.

"யாரு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?"

"சார்தான்."

"எந்தச் சாரு?"

அவள் கண்ணாடி வழியே அவரைப் பார்த்தாள். விவரம் புரியாத குழந்தையைப் பார்ப்பதுபோல.

"அவர் கத்தவே மாட்டார்ப்பா."

அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை. மனைவி சிரித்தாள். "பொண்ணு தானா கத்துக்கிட்டா உங்களுக்கு ஏன் வயிறு எரியுது? ஊர்ப் பிள்ளைங்களையெல்லாம் ஏத்தி இறக்கினீங்க, சொந்தப் பிள்ளை இறங்கிப் போறது பொறுக்கலையாக்கும்."

எரியத்தான் செய்தது. பயம் வரவேண்டிய இடத்தில் அவருக்கு அந்த எரிச்சல்தான் முதலில் வந்தது. மறுநாள் காலையில் அவள் போனதும் ஓட்டுபவருக்குப் பக்கத்து முன்சீட்டைச் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்தார். கழுவக் கழுவ புதினா மிட்டாயின் வாசனையும், அதற்கடியில் அடைத்து வைத்த துணியின் புழுக்கமும் எழுந்தன. கீழே விரிப்பில் குதிகால் அளவுக்கு இரண்டு இடங்கள் நூல் தெரியத் தேய்ந்திருந்தன. விரிப்பைப் பிய்த்துக் குப்பையில் போட்டார். செத்தவனுக்கு என் மகளிடம் என்ன வேலை?

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. மகள் சாவியோடு வந்தபோது அவர் முன்சீட்டுக் கதவைத் திறந்துகொண்டு நின்றார்.

அவள் முகம் வெளுத்தது. "அங்க வேணாம்ப்பா. பின்னாடி உக்காருங்க."

"நான் வாங்கிக் குடுத்த வண்டி. எங்க வேணாலும் உக்காருவேன்."

"அப்பா, சொன்னாக் கேளுங்க. அது..."

"வண்டிய எடு."

உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார். கழுவிய சீட் இன்னும் ஈரமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. வெதுவெதுப்பாக இருந்தது.

புறவழிச் சாலையில் ஆள் நடமாட்டமே இல்லை. வைப்பர் இழுத்து இழுத்து அழுதது. தெருவிளக்குகளின் மஞ்சள் ஒவ்வொன்றாக மகளின் முகத்தில் ஏறி இறங்கியது. அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது. யாருக்கோ தலையாட்டினாள்.

"அந்த ஆளு என்ன சொல்றான்? என்கிட்ட சொல்லு."

அவள் கியரை மாற்றினாள்.

எதிரே ஒரு லாரி, விளக்கில்லாமல், வளைவைத் தாண்டி அவர்கள் பக்கமே வந்தது. பஸ்காரர் வாயைத் திறப்பதற்குள் கார் நின்றது. மெத்தென்று. லாரி ஒரு முழ இடைவெளியில் விலகிப் போனது. அவள் கால் பிரேக்கில் இல்லை. அவர் பார்த்தார். இரண்டு காலையும் ஒதுக்கி வைத்திருந்தாள்.

அவருடைய முழங்காலுக்குக் கீழே, அந்தப் பக்கத்துப் பிரேக்கைத்தான் ஏதோ அழுத்தியது.

குனிந்தார்.

அவருடைய செருப்புக் கால்கள் இரண்டு. அவற்றுக்கு வெளிப்புறம், இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று, கருப்பு ஷூ. பாலிஷ் போட்டது. நாடா இறுக்கிக் கட்டியது.

தொடைக்கடியில் இருப்பது சீட் இல்லை.

முதுகுக்குப் பின்னால் ஒரு மார்பு ஏறி இறங்கியது. நிதானமாக. பிடரியில் புதினா வாசனை. பெல்ட்டின் பொத்தானைத் தேடினார். விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. விரல்களையே காணோம் போலிருந்தது. கால் மரத்தது. இடுப்பு மரத்தது. பின்னால் இருந்த மூச்சும் அவர் மூச்சும் ஒன்றாக ஏறின. ஒன்றாக இறங்கின.

"கண்ணு..." என்றார். எங்கிருந்தோ அவர் குரல் வந்தது.

மகள் திரும்பினாள். நேராக அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அவரை அவள் அப்படிப் பார்த்ததே இல்லை. அத்தனை மரியாதை. அத்தனை பிரியம்.

"சொல்லுங்க சார்."

நான்தாம்மா உன் அப்பா என்று கத்தினார். உதடு பிரியவில்லை. அவளைத் தொட்டுவிடக் கையை நீட்டினார்.

நீண்டது சுருக்கம் விழுந்த, நகம் ஒட்ட வெட்டிய, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டைக்குள்ளிருந்து வந்த ஒரு கை. அது அவள் தலையில் இறங்கி, மெல்லத் தட்டிக்கொடுத்தது. மகள் கண்ணை மூடி, அந்தக் கைக்கு வாகாகத் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.